குப்பைக் கூடும் முதல் பரிசும்

மருத மரங்கள் நெருங்கி வளர்ந்த காடு ஒன்றின் நடுவே பெரிய ஏரி இருந்தது. அந்த ஏரியில் முங்கி என்ற முக்குளிப்பான் வாழ்ந்து வந்தாள்.

முக்குளிப்பானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? வாத்து ஒன்று பாதியிலேயே வளர மறந்துவிட்டது போல இருக்கும். வால் என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடையாது. "அதோ பார்!" என்று நாம் விரலை நீட்டுவதற்குள் முளுக்கென்று தண்ணீருக்குள் போய்விடும். நாம் இங்கே தேடிக்கொண்டிருப்போம். அது வேறெங்கோ போய்த் தலையை நீட்டி நம்மை வேடிக்கை பார்க்கும்.

முங்கியும் அப்படித்தான். தண்ணீருக்குள் அவளை மிஞ்ச அந்த ஏரியில் ஆள் இல்லை. தாமரைத் தண்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவாள். கெண்டைக் குஞ்சு திரும்பிப் பார்ப்பதற்குள் அதைப் பிடித்துவிடுவாள். ஆபத்து என்றால் உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்திருப்பாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ குச்சி மிதப்பது போலத் தெரியும்.

ஆனால் கரைக்கு வந்தால் போச்சு! அவளுடைய கால்கள் உடம்பின் கடைசியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தண்ணீரில் அவை துடுப்பு போல வேலை செய்யும். தரையில் நாலடி வைப்பதற்குள் குப்புறத் தள்ளிவிடும்.

அவளுடைய கணவன் பெயர் குமிழன். முங்கிக்கு எதிலும் அவசரம். குமிழனுக்கு எதிலும் நிதானம்.

அவர்களுடைய கூடு தரையிலும் இல்லை, மரத்திலும் இல்லை. தண்ணீரின் மேலேயே மிதந்தது. அழுகிய பாசி, காய்ந்த கோரை, ஊறிப்போன இலை எல்லாவற்றையும் மூக்காலேயே இழுத்து வந்து குவித்து, அதை நாணல் தண்டோடு பிணைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும். தண்ணீர் இறங்கினால் கூடும் இறங்கும்.

அந்தக் கூட்டில் முங்கி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். இருவரும் மாறி மாறி அடைகாத்தார்கள். இரண்டு பேருமே கூட்டை விட்டு நகர வேண்டி வந்தால், முதலில் ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை நன்றாக மூடிவிடுவார்கள். அதன்பிறகுதான் தண்ணீரில் குதிப்பார்கள்.

மூடிவிட்டால் அது கூடு என்று யாருக்குத் தெரியும்? ஏரியில் மிதக்கும் ஆயிரம் குப்பைகளில் அதுவும் ஒரு குப்பை!

அதுதான் மற்றப் பறவைகளுக்குச் சிரிப்பாக இருந்தது.

"என்ன முங்கி, இன்றைக்குக் குப்பை அள்ளி முடிந்ததா?" என்று கேட்பாள் நீலாம்பரி.

நீலாம்பரி ஒரு நீலத் தாழைக்கோழி. நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நீளமான சிவப்புக் கால்கள். தண்ணீரில் தன் நிழலைப் பார்க்காமல் அவள் ஒரு வாய் தின்ன மாட்டாள். அவளுடைய கூடு பச்சைக் கோரையை வளைத்துப் பின்னிய அழகான கூடு.

"முட்டை மேல் குப்பையைக் கொட்டும் தாயை நான் இங்கேதான் பார்க்கிறேன்," என்று சேர்ந்துகொள்ளும் நாமக்கோழி. அது நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புக் கோழி. சண்டை எங்கே என்று தேடிக்கொண்டு திரியும்.

முங்கிக்கு மூக்கு நுனி வரை கோபம் வரும். "முளுக்" என்று உள்ளே போய்விடுவாள். வெகுநேரம் வெளியே வர மாட்டாள்.

குமிழன் மட்டும், "சிரித்தால் சிரிக்கட்டுமே. சிரிப்பு முட்டையை உடைக்காது," என்பான்.

அந்த ஏரிக்கரையில் கரியன் என்ற அண்டங்காக்கை ஒருவன் இருந்தான். அவனுக்கு முட்டை என்றால் உயிர். உலகத்தில் எந்தப் பறவை முட்டையிட்டாலும் அது தனக்காகத்தான் என்று நினைப்பவன் அவன்.

ஏரியில் முட்டைக் காலம் வந்ததிலிருந்து கரியனுக்குத் தூக்கமே இல்லை. நீலாம்பரியின் கூட்டுக்கு அருகே போனால் அவள் நீளக் காலைத் தூக்கி உதைப்பாள். நாமக்கோழியின் கூட்டுக்கு அருகே போனால் கணவனும் மனைவியும் சேர்ந்து கொத்துவார்கள்.

முங்கியின் கூட்டைத்தான் அவனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இந்தக் குப்பையாக இருக்குமோ என்று ஒன்றைக் கிளறினான். அட்டை ஒன்று வந்து அவன் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அந்தக் குப்பையாக இருக்குமோ என்று இன்னொன்றைக் கிளறினான். கீழே கிடந்த நண்டு அவன் கால் விரலைக் கவ்வியது.

கரியன் நொண்டிக்கொண்டே மருத மரத்தில் போய் உட்கார்ந்தான்.

"மூக்கால் தேடினால் கிடைக்காது. வாயால் பேசித்தான் எடுக்க வேண்டும்," என்று சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் ஏரிக்கு நடுவே இருந்த பட்ட மரத்தின் உச்சியில் ஏறிக் கத்தினான்.

"ஏரிக்காரர்களே! எல்லாரும் கேளுங்கள்! காட்டில் இருந்து மயிலார் வருகிறார்! இந்த ஏரியில் எந்தக் கூடு அழகு, எந்த முட்டை அழகு என்று பார்த்துப் பரிசு தரப் போகிறார்!"

கோரைக்குள் இருந்து தலைகள் எழும்பின.

"என்ன பரிசு?" என்று கேட்டாள் நீலாம்பரி.

"ஜெயிப்பவருக்கு 'ஏரியின் ராணி' என்று பட்டம். அல்லிப்பூ நிறைந்த அந்த வடக்கு மூலை முழுவதும் ராணிக்கே சொந்தம். வேறு யாரும் அங்கே மேயக் கூடாது!"

"பட்டம் எனக்குத்தான். வேறு யாருக்கு?" என்றாள் நீலாம்பரி.

"ஏன், எங்கள் கூட்டுக்கு என்ன குறை?" என்று சண்டைக்கு வந்தது நாமக்கோழி.

தாமரை இலைகளின் மேல் நடந்து திரியும் இலைக்கோழி, "என் முட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மெருகு போட்டது போல மின்னும்," என்றது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கரியன் சிரித்துக்கொண்டே பறந்து வந்து, முங்கி மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்ற ஒரு மூங்கில் கழியில் உட்கார்ந்தான்.

"முங்கி தங்கச்சி, நீ போட்டிக்கு வரவில்லையா?"

"என் கூடு குப்பைக் கூடு. நான் எதற்கு?" என்றாள் முங்கி.

"பார்த்தாயா, நீயே அப்படிச் சொல்கிறாய்! உனக்காக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா?"

முங்கி திரும்பிப் பார்த்தாள். "எனக்காகவா? எதற்கு?"

"எல்லாரும் குப்பை, குப்பை என்கிறார்கள். நான் விடுவேனா? 'மேலே இருப்பதைப் பார்த்துப் பேசாதீர்கள். உள்ளே முத்து மாதிரி முட்டைகள் இருக்கும்' என்றேன். ஆனால் நான் என்ன செய்வது, நீதான் மூடி மூடி வைக்கிறாயே! மூடி வைத்த முத்து யார் கண்ணுக்குத் தெரியும்?"

முங்கி இந்த முறை மூழ்கிப் போய்விடவில்லை.

கரியன் இன்னும் கொஞ்சம் அருகே நகர்ந்தான்.

"போட்டிக்கு விதி பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டின் மேல் மூடி இருக்கக் கூடாது. அவ்வளவுதான். நாளை வெயில் ஏறும்போது தாயும் தகப்பனும் சேர்ந்து மருத மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். மயிலார் அத்தனை தூரம் வரும்போது வரவேற்க ஆள் இல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?"

"எல்லாரும் கரைக்கு வந்துவிட்டால் கூட்டுக்கு யார் காவல்?"

"நான் இருக்கிறேனே!" என்றான் கரியன்.

முங்கி யோசித்தாள். கரியனிடம் முட்டையை ஒப்படைப்பதா? அவளுக்கே அது சரியாகப் படவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து நீலாம்பரி அந்தப் பக்கமாக வந்தாள்.

"கரியா, நேரத்தை வீணாக்காதே. குப்பைக்கு எல்லாம் மயிலார் பரிசு தர மாட்டார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். முங்கியின் தலை நிமிர்ந்தது.

"நாங்களும் வருகிறோம்!" என்றாள்.

குமிழன் கேட்டதும் திகைத்துப் போனான். அவன் வாயில் இருந்த மீன் தப்பித்து ஓடிவிட்டது.

"முட்டையை மூடாமல் போவதா? என்னால் ஆகாது," என்றான்.

"ஒரே ஒரு காலைப்பொழுதுதானே?"

"திருட வருகிறவனுக்கு ஒரு நிமிடம் போதும்."

"எப்போது பார்த்தாலும் திருடன், திருடன்! நம்மைப் பார்த்து ஊரே சிரிக்கிறதே, அது உனக்கு உறைக்கவில்லையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம் கூட்டையும் நாலு பேர் அழகு என்று சொல்ல வேண்டாமா?"

முங்கியின் குரல் உடைந்துபோயிற்று. குமிழன் அதற்கு முன்பு அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"சரி, வருகிறேன்," என்றான் மெதுவாக. "ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டேன்."

அன்று மாலை முழுவதும் முங்கி வேலை செய்தாள். அழுகிய பாசியை எல்லாம் இழுத்துத் தண்ணீரில் தள்ளினாள். கூட்டின் ஓரம் முழுவதும் அல்லி இதழ்களைச் செருகினாள். முட்டைகளோ பாசிக் கறை ஏறிப் பழுப்பாக இருந்தன. தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். கறை போகவில்லை. ஆனாலும் இதழ்களுக்கு நடுவே அந்த நான்கு முட்டைகளும் அவள் கண்ணுக்கு அழகாகவே இருந்தன.

"எப்படி இருக்கிறது?" என்று குமிழனைக் கேட்டாள்.

"வானத்தில் இருந்து பார்த்தால்கூடத் தெரியும்," என்றான் குமிழன்.

அவன் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. முங்கி பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறியது. பட்டத்து ஆசையில், கரியன் சொன்ன விதிப்படி ஏரிப் பறவைகள் எல்லாம் கூடுகளைத் திறந்து போட்டுவிட்டு மருத மரத்தடியில் கூடின. நீலாம்பரி முன்வரிசையில் நின்று இறகைக் கோதினாள். நாமக்கோழி அவளை இடித்துத் தள்ளிவிட்டு அதைவிட முன்னால் போய் நின்றது.

கரியன் கிளையில் உட்கார்ந்து, "எல்லாரும் காட்டுப் பக்கம் திரும்பி நில்லுங்கள்! மயிலார் வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் மரியாதை இல்லை! நான் போய் அவரை அழைத்து வருகிறேன்," என்றான்.

எல்லாரும் ஏரிக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றார்கள்.

முங்கியும் குமிழனும் அப்போதுதான் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீரில் வந்த வரைக்கும் சரி. அதன்பிறகு தரை.

முங்கி ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். அடுத்த அடி வைப்பதற்குள் நெஞ்சு தரையில் மோதத் தொப்பென்று விழுந்தாள். சேறு தெறித்து இலைக்கோழியின் மேல் பட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யாரோ ஒருவர் களுக்கென்றார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"ராணி வருகிறார், வழி விடுங்கள்!" என்றாள் நீலாம்பரி.

முங்கி எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். குமிழன் அவளுக்கு முட்டுக் கொடுக்க வந்தான். அவனும் விழுந்தான். இரண்டு பேரும் சேற்றில் கிடந்து இறக்கையை அடித்துக்கொண்டார்கள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

முங்கி மறுபடியும் எழ முயலவில்லை. தவழ்ந்து தவழ்ந்து தண்ணீருக்கே திரும்பிப் போனாள். உடம்பு நனைந்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"வா, வீட்டுக்குப் போவோம்," என்றான் குமிழன். "நான் அப்போதே சொன்னேனே" என்றுகூடச் சொல்லவில்லை.

இருவரும் திரும்பினார்கள். முங்கி தலையைக் குனிந்தபடி நீந்தினாள். கோரைப் புதரைக் கடந்ததும் குமிழன் சட்டென்று நின்றான்.

"முங்கி, அங்கே பார்!"

நீலாம்பரியின் கூட்டில் கறுப்பாக ஏதோ அசைந்தது. கரியன்! மயிலை அழைக்கப் போனவன் சுற்றிக்கொண்டு ஏரிக்கு வந்திருந்தான். அவன் மூக்கில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. ஒரு முட்டை ஓடு உடைந்து தண்ணீரில் மிதந்தது.

கரியன் தலையைத் தூக்கினான். தூரத்தில், வெள்ளை அல்லி இதழ்களுக்கு நடுவே, முங்கியின் நான்கு முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன.

"அடடா! இத்தனை நாள் இங்கேயா இருந்தீர்கள், என் கண்ணுகளா?" என்றான். நீலாம்பரியின் மற்ற முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு முங்கியின் கூட்டை நோக்கிப் பறந்தான்.

முங்கி கத்த வாயைத் திறந்தாள்.

கத்தினால் என்ன ஆகும்? அவன் முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்துவிடுவான். தண்ணீரின் மேல் ஓடினால் சத்தம் கேட்கும். போய்ச் சேர்ந்தாலும் அவளைவிடப் பல மடங்கு பெரியவன் அவன். ஒரு கொத்துக் கொத்தினால் போதும்.

"உள்ளே!" என்றாள் முங்கி.

இருவரும் மூழ்கினார்கள். தண்ணீரில் வட்டம்கூடப் பெரிதாக விழவில்லை.

கீழே பச்சை வெளிச்சம். தாமரைத் தண்டுகள் தூண்கள் போல நின்றன. முங்கி கால்களை உதைத்து உதைத்துப் பாய்ந்தாள். வழியில் மீன்கள் சிதறி ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. அவளுடைய கூட்டின் அடிப்பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே மேகம் போலக் கறுப்பாக மிதந்தது.

அப்போது கூடு ஒரு பக்கமாக அழுந்தியது. கரியன் வந்து உட்கார்ந்துவிட்டான்!

முக்குளிப்பானைத் தாங்குவதற்காகக் கட்டிய கூடு அது. அண்டங்காக்கையின் கனத்தை அது தாங்குமா? அவன் நின்ற ஓரம் தண்ணீருக்குள் இறங்கியது. அவனுடைய வால் இறகுகள் நனைந்து தண்ணீருக்குள் தொங்கின.

கீழே இருந்து ஒரே முட்டு முட்டிவிடலாமா என்று முங்கிக்குத் தோன்றியது. ஆனால் கூடு கவிழ்ந்தால் முட்டைகளும் சேர்ந்து ஏரியின் அடிக்குப் போய்விடும். அவள் பார்வை அந்த வால் இறகுகளில் நின்றது.

மேலே கரியன் நிதானமாக நின்று, "எதை முதலில் சாப்பிடுவது? பெரியதையா, சிறியதையா?" என்று யோசித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பெரியதையே மூக்கால் தூக்கினான்.

முங்கி அவன் வாலைக் கவ்வினாள். கவ்வி, கால்கள் இரண்டையும் உதைத்துப் பலம் கொண்ட மட்டும் கீழே இழுத்தாள்.

"ஆ!" என்று வாயைத் திறந்தான் கரியன். முட்டை நழுவி மெத்தென்ற கோரையின் மேல் விழுந்தது. உடையவில்லை.

கரியன் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"யாரது?"

அதற்குள் குமிழன் அந்தப் பக்கம் வந்து, கூட்டின் விளிம்பில் தொங்கிய அவன் கால் விரலை நறுக்கென்று கொத்தினான். கரியன் துள்ளினான். இந்தப் பக்கம் திரும்பினான். முங்கி மறுபடியும் வாலை இழுத்தாள். அந்தப் பக்கம் திரும்பினான். குமிழன் இன்னொரு விரலைக் கொத்தினான்.

"ஐயோ! ஏரிக்குப் பல் முளைத்துவிட்டது!" என்று கத்தினான் கரியன்.

பறந்துவிடலாம் என்று இறக்கையை விரித்தான். அந்த நேரம் முங்கி அவன் வாலைக் கவ்வியபடி தலைகீழாகக் கீழே பாய்ந்தாள். ஊறிப்போன கூட்டு விளிம்பில் அவன் கால் வழுக்கியது. பொளக்!

அண்டங்காக்கை ஏரியில் விழுந்தான்.

இறக்கை இரண்டும் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டன. அடித்தான், அடித்தான், எழும்ப முடியவில்லை. பக்கத்தில் தாமரை இலை ஒன்று தெரிந்தது. இலைக்கோழி தினமும் அதன் மேல் ஓடி விளையாடுவதை அவன் பார்த்திருக்கிறான். நம்பி ஏறினான். இலை அவனோடு சேர்ந்து முழுகியது.

அப்போதுதான் முங்கியின் தலை அவன் முகத்துக்கு எதிரே எழும்பியது.

"கரியண்ணா, காவல் இருப்பதாகச் சொன்னாயே, இப்படித்தானா?"

"தங்கச்சி, என்னைக் காப்பாற்று! எனக்கு நீந்தத் தெரியாது!"

"அதோ அந்தக் கோரையைப் பிடித்துக்கொண்டு போ. அங்கே ஆழம் இல்லை. இந்தப் பக்கம் இன்னொரு தடவை வந்தால், ஆழத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்."

கரியன் கோரையைப் பற்றிப் பற்றி இழுத்துக்கொண்டு, சேற்றில் புரண்டு, எதிர்க்கரையில் ஏறினான். எலும்பும் தோலுமாக, நனைந்த துணி போல நின்று நடுங்கினான்.

இந்த நேரத்தில் மருத மரத்தடியில் என்ன நடந்தது தெரியுமா?

காட்டுக்குள் இருந்து நிஜமாகவே ஒரு மயில் வந்தது. அதற்குத் தாகம். தண்ணீர் குடிக்க வந்தது.

"வாருங்கள், வாருங்கள்!" என்று எல்லாரும் கழுத்தை வளைத்து வணங்கினார்கள்.

மயில் பயந்து ஓர் அடி பின்வாங்கியது. "ஏன், என்ன ஆயிற்று உங்களுக்கு?"

"கூடுகளைப் பார்த்துப் பரிசு தர வந்திருக்கிறீர்களே! என் கூட்டில் இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றாள் நீலாம்பரி.

"கூடா? எனக்குக் கூட்டைப் பற்றி என்ன தெரியும்? என் மனைவி புதருக்கு அடியில் ஒரு பள்ளம் பார்த்து முட்டையிடுகிறாள். அது எந்தப் புதர் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை."

"அப்படியானால் கரியன் உங்களை அழைக்கவில்லையா?"

"எந்தக் கரியன்?" என்றது மயில்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏரியை நோக்கி ஓடினார்கள்.

நீலாம்பரி தன் கூட்டைப் பார்த்தாள். உடைந்த ஓட்டையும் பார்த்தாள். மற்ற முட்டைகளை அவசரமாக வயிற்றுக்கு அடியில் இழுத்து மூடிக்கொண்டு, அப்படியே குறுகி உட்கார்ந்துவிட்டாள். நீல இறகில் சேறு அப்பியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

நாமக்கோழி தன் முட்டைகளை எண்ணிப் பார்த்தது. எல்லாம் இருந்தன. இலைக்கோழியின் முட்டைகளும் இருந்தன. எதிர்க்கரையில் நனைந்துபோய் நின்ற கரியனையும், முங்கியின் கூட்டருகே மிதந்த கறுப்பு இறகுகளையும் பார்த்ததும் அவர்களுக்கு நடந்தது புரிந்துவிட்டது. எல்லாரும் முங்கியின் கூட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"முங்கி! நீயா அவனைத் தள்ளினாய்?"

"இந்தக் குட்டி உடம்பை வைத்துக்கொண்டா?"

"இனிமேல் நீதான் ஏரியின் ராணி! வடக்கு மூலை உனக்குத்தான்! எங்கே, கொஞ்சம் தலையைக் காட்டு. உன்னை நன்றாகப் பார்க்க வேண்டும்!"

முங்கி தலையைக் காட்டவில்லை. அவள் கூட்டின் மேல் குனிந்து, அல்லி இதழ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தாள். குமிழன் எங்கிருந்தோ ஒரு வாய் நிறைய அழுகிய பாசியை இழுத்து வந்தான்.

"முங்கி, உன்னிடம்தான் பேசுகிறோம்!" என்றது நாமக்கோழி.

"கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வேலை இருக்கிறது," என்றாள் முங்கி.

பாசியைப் பரப்பினாள். இன்னும் கொஞ்சம் பரப்பினாள். நான்கு முட்டைகளும் மறையும் வரை அவள் நிமிரவே இல்லை.

பிறகு நேராக நீலாம்பரியிடம் நீந்திப் போனாள். நீலாம்பரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்," என்றாள், வேறு பக்கம் பார்த்தபடி. "இப்போது நீ சிரிக்க வந்தாயா?"

"இல்லை அக்கா. நீ காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இந்த வெயிலில் முட்டையை விட்டு நகரவும் முடியாது." முங்கி ஒரு பிடி இளங்கோரைத் தண்டைக் கூட்டின் ஓரத்தில் வைத்தாள். "சாப்பிடு. நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன்."

நீலாம்பரி அந்தத் தண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தின்னத் தொடங்கினாள்.

சில நாட்களில் முங்கியின் முட்டைகள் பொரிந்தன. உடம்பெல்லாம் கோடு கோடாக நான்கு குஞ்சுகள். பிறந்த அன்றே அவை அம்மாவின் முதுகில் ஏறி, இறகுக்குள் புகுந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டன. முங்கி அவற்றைச் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றி வந்தாள்.

வானத்தில் பருந்தின் நிழல் ஒன்று தெரிந்தது.

"கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!" என்றாள் முங்கி. முளுக்!

பருந்து வந்து பார்த்தது. காலி ஏரி. போய்விட்டது. நாணலுக்கு நடுவே முங்கி எழும்பியபோது நான்கு குஞ்சுகளும் தும்மிக்கொண்டே தலையை உதறின.

எல்லாரிலும் சின்னக் குஞ்சு அம்மாவின் கழுத்தை எட்டிப் பிடித்துக் கேட்டது:

"அம்மா, இன்னொரு தடவை!"

நீதி: நாலு பேர் பாராட்டுக்கு ஆசைப்பட்டு, நம்மைக் காக்கும் நல்ல பழக்கத்தை ஒரு நாள்கூடக் கைவிடக் கூடாது.